ஏற்காட்டில் கடைந்த மூடி சேலத்தில் மூடுமா?

மூடி போட்ட மரச்சிமிழ் கடைவதில் முக்கால்வாசி வேலை மூடிதான். வெளி வடிவம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். கையில் வாங்கியதும் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: திறந்து, மூடி, மறுபடி திறந்து பார்ப்பார்கள். இறுகினால் முகம் சுருங்கும். ஆடினால் பேசாமல் கீழே வைத்துவிடுவார்கள். அன்றைக்குச் சரியாக இருந்த மூடி ஆறு மாதம் கழித்தும் அப்படியே இருக்க வேண்டும் என்பது அதற்கு மேல் ஒரு தொல்லை.

நான் இரும்பைச் சுழலவிட்டுக் கடையும் லேத்தில் வேலை பார்த்தவன். புஷ், ஷாஃப்ட், பேரிங் சீட் என்று மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைப் பற்றிப் பேசியே பழகியவன். மரம் கடைய ஆரம்பித்தது பின்னால். அக்கா குடும்பத்துக்கு ஏற்காட்டில் சின்னதாக ஒரு காப்பித் தோட்டம் இருக்கிறது. காற்றில் சாய்ந்த நிழல் மரங்கள் அங்கே விறகாகப் போய்க்கொண்டிருந்தன. அங்குள்ள பழைய கொட்டகையில் அரை குதிரைத்திறன் மோட்டாரோடு ஒரு மர லேத்தை நிறுத்தினோம். வீடு கீழே சேலம் அஸ்தம்பட்டியில். அங்கேயே லேத்தை வைத்திருக்கலாமே என்று கேட்பார்கள். மோட்டார் சத்தம், மரத்தூள், ஒட்டினாற்போல் பக்கத்து வீடு. இதற்கு மேல் காரணம் வேண்டாம்.

ஆக, கட்டையும் லேத்தும் மேலே. சிமிழ் வாங்குகிறவர்கள் கீழே. நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள், ஏறத்தாழ 1,200 மீட்டர் உயர வித்தியாசம். மூடியைச் சிக்க வைப்பதும் ஆட வைப்பதும் இந்த இறக்கம்தான். கடைசல் கற்றுக்கொடுப்பவர்கள் உளி பிடிப்பதை முதலில் சொல்லித்தருவார்கள். நான் இதிலிருந்து தொடங்குகிறேன்.

மரம் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கும். வெட்டி எத்தனை வருடம் ஆனாலும் இது நிற்பதில்லை. காற்றின் ஈரப்பதம் 40 சதவீதம் இருக்கிற இடத்தில் ஒரு கட்டையை நீண்ட நாள் வைத்தால் கட்டையின் ஈரம் 7, 8 சதவீதத்தில் வந்து நிற்கும். காற்றில் 85 சதவீதம் இருந்தால் கட்டை 17, 18 வரை போகும். பங்குனி, சித்திரை மதியத்துச் சேலம் முதல் வகை. ஐப்பசி, கார்த்திகையில் ஜன்னல் வழியாக மேகம் வீட்டுக்குள் வந்து உட்காரும் ஏற்காடு இரண்டாவது வகை. இரண்டுக்கும் நடுவில் ஒரு மணி நேர பஸ் பயணம்தான்.

ஈரத்தில் இந்தப் பத்து சதவீத வித்தியாசம் அளவில் என்ன செய்யும்? தேக்கை எடுத்துக்கொள்வோம். அதிகம் ஆட்டம் காட்டாத மரம் என்று பெயர் வாங்கியது அது. பச்சை மரம் முழுக்கக் காயும் வரை தேக்கு, வெட்டுமுகத்தில் தெரியும் வளையங்களின் போக்கில் சுமார் 5 சதவீதம் சுருங்கும். நடு மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் அதில் பாதிதான் சுருங்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால், 60 மில்லிமீட்டர் வாய் உள்ள தேக்குச் சிமிழ் பத்து சதவீத ஈரத்தை இழக்கும்போது ஒரு திசையில் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் குறையும். குறுக்குத் திசையில் அரை மில்லிமீட்டர் குறையும். உயரத்தில் மாற்றம் கண்ணுக்கே தெரியாது. வட்டமாகக் கடைந்த வாய் நீள்வட்டமாகிவிடும். இரும்புப் பட்டறையில் அரை மில்லிமீட்டர் தப்பினால் பீஸ் நேராக ஸ்கிராப்புக்குப் போகும். மரத்தில் இது நாள்தோறும் நடக்கிற சங்கதி. இதை ஏற்றுக்கொண்டுதான் மூடியை யோசிக்க வேண்டும்.

இதில் நமக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது. மூடியும் அடியும் ஒரே கட்டையில் அடுத்தடுத்து இருந்த துண்டுகள் என்றால் இரண்டும் ஒரே திசையில்தான் ஒடுங்கும். ரேகை, அதாவது மரத்தின் நார் வரி, பொருந்தும்படி வைத்தால் மூடும். கால் சுற்று திருப்பி வைத்தால் சிக்கும். மூடி சேரவில்லை என்று யாராவது சிமிழைத் திருப்பிக் கொண்டுவந்தால் நான் உப்புத்தாளைத் தேடுவதில்லை. ரேகை பார்த்து மூடியைத் திருப்பி வைத்துக் கொடுக்கிறேன். பல சமயம் வந்த வேலை அதோடு முடிந்துவிடும். ரேகை தெளிவாகத் தெரியாத மரமென்றால் மூடியின் உள்விளிம்பில் ஒரு புள்ளியும், அதற்கு நேராக அடியின் கழுத்தில் (மூடிக்குள் நுழையும் பகுதியில்) ஒரு புள்ளியும் சூட்டுக்கம்பியால் வைத்துவிடுங்கள். இரண்டு புள்ளியும் ஒரே பக்கம் இருக்க வேண்டும் என்று வாங்குகிறவரிடம் சொல்லியும் கொடுங்கள்.

அடுத்தது எந்த மரம் என்பது. எனக்குக் கைக்கெட்டியது சில்வர் ஓக். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். காப்பிக்கு நிழலாகவும் மிளகுக் கொடி ஏறவும் நட்டு, இன்று ஏற்காட்டுத் தோட்டங்களில் எங்கே திரும்பினாலும் இதுதான் நிற்கிறது. பெட்டி, பிளைவுட் என்று போகிற சாதாரண மரம் என்று நினைப்பார்கள். கடைந்து பார்த்தால்தான் தெரியும். மையத்திலிருந்து பட்டை நோக்கி அகலமான கதிர்கள் ஓடுவதால் சிமிழின் எதிரெதிர் இரண்டு பக்கங்களில் பாம்புத் தோலில் இருப்பதுபோல் மினுக்கும் பொட்டுகள் வரும். மற்ற இரண்டு பக்கங்கள் சாதாரணமாக இருக்கும். அதனால் மூடியைத் தப்பாக வைத்தால் கண்ணே காட்டிக்கொடுத்துவிடும். சூட்டுப் புள்ளி தேவையில்லை. ஒரே எச்சரிக்கை, இந்த மரத்தின் சாறும் தூளும் சிலருக்குத் தோலில் அரிப்பு, கொப்புளம் உண்டாக்கும். முழுக்கைச் சட்டை போட்டு, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிடுங்கள்.

கீழே வந்தால் பூவரசு. உள்ளே சாக்லேட் நிறம், உளிக்கு நன்றாக வழிவிடும், சின்னச் சிமிழுக்கு இதைவிட நல்ல மரம் தேட வேண்டாம். பலா மஞ்சளாக இருந்து வெளிச்சம் பட்டுப் பட்டு பழுப்பேறும். அந்த மாற்றம் எனக்குப் பிடிக்கும், சிலருக்குப் பிடிக்காது. வேம்பில் ரேகை முன்னும் பின்னுமாகப் பின்னிக்கொண்டு கிடக்கும், உளி கொஞ்சம் மழுங்கினாலும் பிய்த்துக்கொண்டு வரும். மாமரம் சேலத்தில் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் வண்டு முதலில் தேடி வருவதும் அதைத்தான். காப்பிச் செடியின் முதிர்ந்த அடித்தண்டு வெளுப்பாக, இறுக்கமாக இருக்கும். நெல்லிக்காய் அளவு சிமிழுக்கு அருமை. நடுவில் நட்சத்திரம்போல் வெடிக்காமல் காய வைப்பதற்குப் பொறுமை வேண்டும்.

நான் பெரிதாகச் சொல்ல விரும்புவது சீமைக்கருவேலத்தைப் பற்றி. ஊரே வெறுக்கிற மரம். வேரோடு பிடுங்க நீதிமன்றம் வரை போன மரம். ஆனால் மூடி போட்ட சிமிழுக்கு என்று யோசித்தால் இதன் குணம் வேறு. காயும்போது சுருங்குவது மிகக் குறைவு, இரண்டு திசைக்கும் உள்ள வித்தியாசமும் குறைவு. அதாவது வட்டம் வட்டமாகவே கிடக்கும். வைரம் பாய்ந்த நடுப்பகுதி செம்பழுப்பு, தேய்த்தால் கண்ணாடி மாதிரி வரும். கோணல், வெடிப்பு, பூச்சித் துளை எல்லாம் உண்டுதான். கை நீளத்துக்கு நேரான துண்டு கிடைப்பதே கஷ்டம். சிமிழுக்கு அவ்வளவு நீளம் எதற்கு? விறகுக் கடைக் குவியலில் நின்று பொறுக்கினால் போதும். வெளுத்த மேல்பகுதியை மட்டும் கழித்துவிடுங்கள். வண்டு குடியிருப்பது அங்கேதான்.

சந்தனத்தின் பக்கம் போகவே வேண்டாம். சேர்வராயன் மலையில் சந்தனம் உண்டு என்பதாலேயே இதைச் சொல்கிறேன். மலையில் பட்டா நிலத்து மரமென்றாலும் வெட்டுவதற்கு முன் என்ன அனுமதி வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மலைப்பகுதி மரங்களைக் காக்க 1955-ல் வந்த சட்டமே தனியாக இருக்கிறது. ஈட்டி மரம் வேண்டுமானால் மரக்கடையில் பில்லோடு வாங்குங்கள்.

எந்த மரமானாலும் நட்டநடு மையம் சிமிழுக்குள் வரக்கூடாது. மையம் உள்ளே இருந்தால் வெடிப்பு நிச்சயம். காப்பித் தண்டு மாதிரி மெல்லியதில் வேறு வழியில்லை. அதை இரண்டு முனையிலும் மெழுகு பூசி மெதுவாகக் காய வைத்து, பிழைத்ததை மட்டும் கடைய வேண்டியதுதான்.

இனி காய வைப்பது. முழுக் கட்டையாகக் காயட்டும் என்று விட்டால் கை கனமுள்ள கட்டைக்கு ஒன்றிரண்டு வருடம் ஆகும். அப்போதும் நடு ஈரமாகவே இருக்கலாம். ஈரமாக இருக்கும்போதே பாதி வேலையை முடித்துவிடுவது நல்லது. கட்டையை இரு முனையிலும் பிடித்து உருளையாக்கி, இரண்டு முனையிலும் சக் (கட்டையைக் கவ்விக்கொள்ளும் லேத்தின் பிடி) பிடிக்க ஒரு படி வெட்டி, மெல்லிய பார்ட்டிங் உளியால் மூடியையும் அடியையும் பிரிக்கிறேன். பிறகு இரண்டையும் உள்ளே குடைந்துவிடுகிறேன். 75 மில்லிமீட்டர் விட்டத்துக்கு 10, 12 மில்லிமீட்டர் சுவர் விட்டால் போதும். ஒடுங்கி நீள்வட்டமானாலும் மறுபடி வட்டமாகக் கடைய அதில் இடம் இருக்கும். மூடியையும் அடியையும் சணல் கயிற்றால் சேர்த்துக் கட்டி, எடை போட்டு, எடையையும் தேதியையும் பென்சிலால் அதன் மேலேயே எழுதிவைக்கிறேன்.

இந்த இடத்தில் மலை நமக்கு உதவும். ஈரக் கட்டையை நேராகச் சேலத்து வெயிலுக்குக் கொண்டுவந்தால் மேல்புறம் விறுவிறுவென்று காய்ந்து உள்புறம் பச்சையாகவே நிற்கும். அந்த இழுபறியில்தான் வெடிக்கிறது. அதனால் முதல் சில வாரங்கள் செய்தித்தாளில் சுற்றி ஏற்காட்டுக் கொட்டகையிலேயே விட்டுவிடுகிறேன். எடை இறங்குவது மந்தமானதும் கீழே கொண்டுவந்து வீட்டுப் பரணில் போடுகிறேன். சமையல் தராசில் அவ்வப்போது வைத்துப் பார்த்து, வாரக்கணக்கில் எடை மாறாமல் நின்றால்தான் அது காய்ந்தது. ஈரமானி வைத்திருக்கிறேன். ஆனால் எழுதி வைத்த எடை சொல்வதை அதிகம் நம்புகிறேன்.

அப்புறம் கடைசிக் கடைசலுக்கு மறுபடி மலையேற வேண்டும். பரணிலிருந்து எடுத்ததைப் பாலிதீன் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டி எடுத்துப் போகிறேன். கடையும் நேரத்துக்கு மட்டும் பையிலிருந்து வெளியே வரும். முடிந்ததும் மறுபடி பைக்குள். மேகம் இறங்கும் மாதங்களில் மேலே கரடுமுரடான முதல் கடைசல் மட்டும்தான். மூடி பொருத்தும் வேலையைக் கோடைக்கு வைத்துக்கொள்கிறேன். பெங்களூருக்கோ சென்னைக்கோ போகிற சிமிழென்றாலும் இதே முறைதான். போய்ச் சேரும் ஊரின் காற்று எப்படி என்று மட்டும் யோசித்துக்கொள்வேன். சென்னைக்குப் போவதைக் கொஞ்சம் தளர்வாகவே விடுவேன்.

பொருத்தத்துக்கு வருவோம். முதலில் மூடி. உள்வாயை ஒரு அளவுக்கு முடித்து வைத்துக்கொண்டு, அதற்கேற்ப அடியின் கழுத்தைக் கடைவது சுலபம். மாற்றிச் செய்தால் ஓட்டைக்குள் உளியை விட்டு அளவைத் துரத்திக்கொண்டே இருக்க வேண்டும். மூடியின் உள்வாய்ச் சுவர் நேராக இருக்க வேண்டும் என்பது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். உள்ளே போகப்போகக் குறுகினால் மூடி விளிம்பில் மட்டும் பிடித்துக்கொண்டு மேலே தூக்கி நிற்கும். உள்ளே அகன்றால் முதலில் பிடித்து, பிறகு தொளதொளக்கும். உள்விட்டம் அளக்கும் இன்சைட் காலிப்பரை வாயில் ஒரு தடவை, ஆழத்தில் ஒரு தடவை வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக வரும் வரை சதுர முனை ஸ்கிரேப்பரால் ஊதினாற்போல் எடுங்கள். மூடியின் உட்புறத்துக்கு உப்புத்தாள், பாலிஷ் எல்லாம் இப்போதே முடிந்துவிட வேண்டும். பிறகு தேய்த்தால் அளவு மாறிவிடும்.

அடியில் கழுத்தை முதலில் மூடியின் வாயைவிடச் சற்றுப் பெரிதாக, முனை மட்டும் கொஞ்சம் குறுகலாகக் கடையுங்கள். லேத் மெதுவாகச் சுற்றும்போது மூடியை அந்தக் குறுகலில் லேசாக அழுத்தி எடுத்தால் பளபளவென்று ஒரு வளையம் விழும். மூடியின் வாய் அளவு அதுதான். வெர்னியர் அளவுகோலே வேண்டாம். அந்த வளையத்தின் அளவுக்குக் கழுத்து முழுவதையும் நேராக எடுத்தால் மூடி இறுக்கமாக ஏறும். இப்போது இறுக்கம்தான் வேண்டும். ஏனென்றால் மூடியை மாட்டிய நிலையில், லேத்தின் மறுமுனைத் தாங்கியான டெயில் ஸ்டாக்கை முட்டுக் கொடுத்து, வெளிப்புறத்தை மூடியும் அடியும் ஒரே உடம்பாகக் கடைய வேண்டும்.

கழுத்தின் நீளம் 8 மில்லிமீட்டர் இருந்தால் நடுத்தரச் சிமிழுக்குப் போதும். அதைவிடக் குறைந்தால் மூடி சாய்ந்து ஆடும். நீண்டால் வேறு ஒரு நஷ்டம். பார்ட்டிங் உளி தின்ற 2 மில்லிமீட்டரோடு, கழுத்துக்காகப் போன நீளமும் சேர்ந்து, மூடியின் ரேகைக்கும் அடியின் ரேகைக்கும் தொடர்ச்சி விட்டுப்போகும். அந்த விடுபாட்டை மறைக்க மூட்டில் மெல்லிய ஒரு வரிப்பள்ளமோ மணிவரியோ போடுவது பழைய வழக்கம். அழகுக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாளை மூடி ஒரு முடி அளவு நீள்வட்டமானால் மூட்டில் விரல் தட்டுப்படுவதையும் அந்தப் பள்ளம்தான் மறைக்கிறது. மழமழவென்று மூட்டே தெரியாமல் கடைந்து காட்டுவது லேத்தில் இருக்கும்போது பெருமையாக இருக்கும். வெயில் காலம் வந்தால் தெரியும் சேதி.

வெளிப்புறம் முடிந்ததும் மூடியைக் கழற்றி அடியை உள்ளே குடைய வேண்டும். முதலில் நடுவில் ஒரு துளை போட்டுக்கொள்ளுங்கள். துரப்பணத்தில் டேப் ஒட்டி ஆழம் குறித்துக்கொண்டால் அடியில் 6 மில்லிமீட்டர் நிச்சயமாக மிஞ்சும். பிறகு உளி நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வர வேண்டும். ரேகை நீளவாக்கில் ஓடும் கட்டையில் அப்படி வந்தால்தான் ஒவ்வொரு நாருக்கும் பின்னால் இன்னொரு நார் தாங்கிக்கொண்டிருக்கும், வெட்டு வழவழவென்று வரும். விளிம்பிலிருந்து நடுவுக்குப் போனால் நார்கள் பிய்ந்து எழும்பும். எவ்வளவு உப்புத்தாள் போட்டாலும் அது போகாது. உளியைத் தாங்கும் டூல் ரெஸ்ட்டை வாய்க்கு ஒட்டி வையுங்கள். உளி வெளியே நீண்டு தொங்கினால் அதிரும்.

உள் அடிப்பகுதியின் வடிவத்தை யார் பயன்படுத்தப் போகிறார் என்பது முடிவு செய்யட்டும். குங்குமச் சிமிழுக்கு மூலை இருக்கவே கூடாது. கிண்ணம்போல் வளைந்திருந்தால்தான் கடைசிக் குங்குமம் வரை விரலுக்கு வரும். மெட்டி, மோதிரம் வைப்பதற்கு அடி தட்டையாக இருப்பதே நல்லது.

கடைசிப் பொருத்தம் எல்லாவற்றுக்கும் பிறகு. குடைந்ததால் மரம் கொஞ்சம் நெகிழ்ந்திருக்கும். உப்புத்தாள் தேய்த்ததால் சூடாகியும் இருக்கும். சூட்டில் பார்க்கிற பொருத்தம் பொய் சொல்லும். ஒரு டீ குடித்துவிட்டு வந்து, ஆறிய பிறகு மூடிப் பாருங்கள். எங்கே பிடிக்கிறது என்று தெரியாவிட்டால் மூடியின் வாய்க்குள் பென்சிலால் கிறுக்கிவிட்டு மூடித் திறந்தால் கழுத்தில் கருப்பு ஒட்டிய இடம்தான் உயர்ந்த இடம். அங்கே மட்டும் 320 நம்பர் தாளால் ஒரு தொடு.

எவ்வளவு இறுக்கம் என்ற கேள்விக்கு எனக்கு வழி காட்டியவர் சேலத்தில் கட்டில் கால், மத்து, பம்பரம் என்று காலமெல்லாம் கடைந்த ஒரு பெரியவர். அவர் பட்டறையில் சக் கிடையாது. சுழலும் தண்டின் முனையில் இருக்கும் கிண்ணத்துக்குள் கட்டையை அடித்துச் செருகுவார், கடைவார், தட்டி எடுப்பார். நான் வெர்னியரை நீட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அத உள்ள வைங்க தம்பி. மூடியப் புடிச்சுச் சிமிழத் தூக்கிப் பாருங்க. அடி தானா மெதுவா எறங்கோணும். பொத்துனு உழுந்தா தொளதொளன்னு அர்த்தம். எறங்கவே இல்லீன்னா வீட்டுல பொம்பளைங்க திட்டுவாங்க."

அவர் சொன்னதில் பாதிதான் கைத்திறன், மீதி வீட்டு நடைமுறை. மர லேத் ஆசாமிகளுக்கு மூடி திறக்கும்போது டப்பென்று காற்றுச் சத்தம் வர வேண்டும் என்று ஒரு மோகம் உண்டு. கண்காட்சியில் கைதட்டு வாங்கும். காலையில் குளித்துவிட்டு ஈரக் கையோடு, ஒரு கையில் கற்பூரத்தட்டு இருக்க, மறு கையால் குங்குமம் எடுப்பவருக்கு அந்தச் சத்தத்தால் என்ன பயன்? சிமிழே கூடத் தூக்கிக்கொண்டு வரும், குங்குமம் தரையில். அன்றாடச் சிமிழுக்கு மூடி ஒற்றைக் கையில் எழும்ப வேண்டும். தலையில் பிடிக்க ஒரு குமிழ், கழுத்தில் அரை மில்லிமீட்டர் தாராளம், அவ்வளவுதான். சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசு, மெட்டி வியாபாரம் செய்கிறவர்கள் கல்யாணத்துக்குக் கொடுக்கக் கேட்கும் சிமிழ் வேறு ரகம். பையில் போட்டுக் கொண்டுபோவார்கள், கவிழ்ந்தாலும் திறக்கக்கூடாது. அதற்குக் கொஞ்சம் இறுக்கம் வேண்டும். ஆனால் இறுக்கமான பொருத்தத்தைச் சின்ன விட்டத்தில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முன்பு போட்ட கணக்கின்படி 30 மில்லிமீட்டர் வாய் 60-ல் பாதிதான் அசையும். 40-ஐத் தாண்டினால் தளர்வாகவே விடுகிறேன்.

அடிப்புறத்தை முடிக்க ஒரு வீண்கட்டையைச் சக்கில் பிடித்து, சிமிழின் வாய் இறுகி உட்காரும்படி அதில் ஒரு கழுத்து கடைந்து, சிமிழைக் கவிழ்த்து மாட்டினால் போதும். அடியை நடுவில் லேசாகக் குழித்துவிடுங்கள், மேசையில் ஆடாமல் நிற்கும்.

வேகத்தைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் இல்லை. கோணலான கட்டை உருளையாகும் வரை 600, 800 சுற்று. பிறகு 75 மில்லிமீட்டருக்கு 1,500 வரை போகலாம். அதைவிட முக்கியம் உடை. வேட்டி, லுங்கி, தோளில் துண்டு எதுவும் லேத் பக்கம் கூடாது. கோயிலில் கட்டிய கயிறு மணிக்கட்டில் இருந்தால் முழங்கை வரை ஏற்றி டேப் சுற்றிவிடுங்கள். உப்புத்தாளை விரலில் சுற்றிக்கொள்ளாதீர்கள். கண்ணாடி மட்டும் போதாது, முகம் முழுக்க மறைக்கும் ஷீல்டு வேண்டும். தூளுக்கு என்95 மாஸ்க். கரண்ட் போனால் முதல் வேலையாக ஸ்விட்சை அணையுங்கள். மின்தடையில் மறந்துவிட்டு சக்கில் கை வைத்திருக்கும்போது கரண்ட் வந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. கரண்ட் திரும்ப வந்தாலும் பட்டனை அழுத்தினால்தான் ஓடும் ஸ்விட்ச் கிடைக்கிறது. மோட்டாருக்குச் செலவழிப்பதற்கு முன் அதை வாங்குங்கள்.

பாலிஷில் என் விருப்பம் அரக்கு. மரப் பொம்மைக்குப் பேர்போன கர்நாடகத்துச் சன்னபட்டணத்தில் செய்வதுபோல் அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின் மேல் அழுத்தி, உரசும் சூட்டிலேயே உருகவைத்து, தாழை மடலால் தேய்த்துப் பரப்புவது ஒரு வழி. வெட்பாலை மாதிரி வெளுத்த, ரேகை தெரியாத மரத்துக்கு அது பொருத்தம். சில்வர் ஓக்கின் பொட்டுகள் தெரிய வேண்டுமென்றால் அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் மெல்லியதாகப் பூசி, மேலே தேன்மெழுகு தேய்ப்பது நல்லது. இதை மேகம் இறங்கிய நாளில் மலையில் செய்யாதீர்கள். ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து, பூச்சு வெள்ளைவெளேரென்று பூத்துவிடும். உள்புறத்துக்கு ஆளிவிதை எண்ணெய் வேண்டாம். மூடிய சிமிழுக்குள் அதன் சிக்கு வாடை மாதக்கணக்கில் நிற்கும். வெளிப்புறத்துக்குப் பூசினாலும் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவிடுங்கள். சுருட்டிய துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும்.

இவ்வளவு செய்த பிறகும் ஏதாவது ஒரு சிமிழ் மூடிக்கொண்டு திறக்க மறுக்கும். ஏற்காட்டில் வாங்கியதைச் சேலத்துக்கோ நாமக்கல்லுக்கோ கொண்டுபோன முதல் சில நாட்களில் இது நடக்கும். காரணம் எளிது: மூடி வெளிக் காற்றில் இருக்கிறது, முதலில் காய்ந்து ஒடுங்குகிறது, கழுத்து மூடிக்குள் ஒளிந்திருக்கிறது, இன்னும் காயவில்லை. பலரும் செய்வது அதை வெயிலில் வைப்பது. வெயிலில் மூடி இன்னும் ஒடுங்கி இன்னும் இறுக்கிப் பிடிக்கும். கட்டிங் பிளேயரால் திருகினால் மூடி பிளந்துவிடும். ஈரத்துணி ஒன்றை எவர்சில்வர் தூக்கில் போட்டு, துணி படாமல் மேலே ஒரு தட்டில் சிமிழை வைத்து, தூக்கை மூடி ஒரு ராத்திரி விடுங்கள். மூடி முதலில் ஈரம் வாங்கி விரியும். காலையில் மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு மூட்டைச் சுற்றி மரக்கரண்டிக் காம்பால் தட்டினால் வந்துவிடும். வந்ததும் கழுத்தைத் தேய்த்துவிடாதீர்கள். மெழுகுவத்தியைக் கழுத்தில் ஒரு சுற்று உரசி, மூடியைத் திறந்தபடியே சில வாரம் வைத்துவிட்டு மூடிப் பாருங்கள். கழுத்தும் காய்ந்த பிறகு, ரேகை சேர்த்து வைத்தும் சிக்கினால் மட்டும் பளபளக்கும் இடத்தில் 320 தாள். அதற்கு முன்னே தேய்த்த மூடி அடுத்த கோடையில் ஆடும்.